ஒரு புண் இன்னொரு நோயைத் தடுக்குமா?

கேள்வி: கையில் வந்த லீஷ்மேனியாப் புண் சிகிச்சையில் ஆறிவிட்டது. இனி கருங்காய்ச்சல் (காலா அசார்) எனக்கு வரவே வராது என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், வவுனியா

பதில்: அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள்.

இலங்கையில் தோலோடு நிற்கும் புண்ணுக்கும், பீகாரில் மண்ணீரலை வீங்கவைத்து உயிரையே பறிக்கும் கருங்காய்ச்சலுக்கும் காரணம் ஒரே ஒட்டுண்ணி இனம்: லீஷ்மேனியா டோனோவானி. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நோயாளியின் மண்ணீரலில் அதைக் கண்ட சார்லஸ் டோனோவனின் பெயரைத் தாங்கியது. இலங்கைப் புண்ணிலிருந்து எடுத்த ஒட்டுண்ணியை எலிகளுக்கு முதலில் செலுத்தியபோது, பின்னர் கொடிய வகையைச் செலுத்தியும் அவை பெருமளவு தாக்குப்பிடித்தன. 2013இல் வெளியான ஆய்வு அது.

இந்த ஒட்டுண்ணி நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருப்பதால் எதிர்ப்புரதங்களால் பெரிய பயனில்லை. டி செல்கள்தான் அந்த வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டு, உள்ளிருப்பதைக் கொல்லச் செய்கின்றன. இரு வகைகளுக்கும் பொதுவான புரதங்களை அவை நினைவில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஒரு புண் அடுத்த புண்ணைத் தடுக்கும் என்ற எண்ணம் பழையது: மத்தியக் கிழக்கில் பின்னாளில் முகத்தில் புண் வந்து தழும்பு விழக்கூடாதென்று, குழந்தைகளுக்கு உடை மறைக்கும் இடத்தில் புண்ணின் சீழை வேண்டுமென்றே வைக்கும் வழக்கம் இருந்தது. 1980களில் ஈரான் இதையே உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொண்டு பெருமளவில் செய்தது. சிலருக்குப் புண் ஆறாமலே போனதால் கைவிட்டது.

மனிதர்களிடம் உங்கள் கேள்விக்கு உறுதியான நிரூபணம் இல்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தால் நினைவும் தளரும். இந்த ஒட்டுண்ணியைப் பரப்பும் மணல் ஈ கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், பழைய புண்ணைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.