முகவரி அட்டை: அமைப்பும் அறமும்

வணிகம் செய்வோர் சந்திக்கும்போது கைமாறும் சிறிய அட்டையை முகவரி அட்டை என்கிறோம். மக்கள் வழக்கில் அது விசிட்டிங் கார்டு. ஏறத்தாழ மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள அவ்வட்டையின் அமைப்பை அச்சகத்தாரிடமே விட்டுவிடுவோர் பலர். பட்டம் பெற்று நெல் வணிகத்திலோ, விதை உரக் கடையிலோ, அயல்நாட்டு நிறுவனத்திலோ காலூன்றப் போகும் நம் மாணவர்களுக்காக, அவர்கள் இல்லாத இடத்தில் பேசப்போவது அந்த அட்டையே. எனவே அதனை அமைக்கும் முறையை மயிலாடுதுறையைச் சான்றாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

முத்திரை தரும் பாடம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் அனுப்ப நாடியபோது, முத்திரையில்லாத மடலை அம்மன்னர்கள் ஏற்பதில்லை என்று எடுத்துரைக்கப்பட்டது. அதன்பின் வெள்ளி மோதிர முத்திரை ஒன்று செய்யப்பட்டதையும், அதில் முஹம்மது, ரசூல், அல்லாஹ் என்னும் மூன்று சொற்கள் வரிக்கொன்றாகப் பொறிக்கப்பட்டதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அத்திருமுத்திரையை வணிக அட்டையோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஒருவர் யார் என்பதை ஐயமின்றி அறிவிக்கச் சில சொற்களே போதும் என்னும் பாடத்தை மட்டும் அதனின்று பெறுகிறோம்.

நம் பகுதியிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளையை (1826-1889) இலக்கிய உலகம் 'மாயூரம் முன்சீப்' என்னும் அடையோடு அறிந்திருக்கிறது. ஊர், பணி, பெயர் ஆகிய மூன்றும் அத்தொடரில் அடங்கிவிட்டன. முகவரி அட்டைக்கு இம்மூன்றோடு தொடர்புகொள்ளும் வழி ஒன்றும் சேர்ந்தால் போதும். பெயர் முதலில் கண்ணில் படவேண்டும், அடுத்துத் தொழில், அதன்பின் முகவரியும் தொலைபேசி எண்ணும்.

மாறிய முகவரி

மாயூரம், மாயவரம் என்று வழங்கிய ஊர் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. அன்று அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு பிரிந்த மாவட்டம் காயிதே மில்லத் அவர்களின் பெயரையும் தாங்கியிருந்தது. மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டபின் அது நாகப்பட்டினம் மாவட்டம் என்றே வழங்கலாயிற்று. 2020இல் மயிலாடுதுறையே தனி மாவட்டமாயிற்று. இருந்த இடத்தைவிட்டு நகராத கடையும் இக்காலத்திற்குள் தன் முகவரியைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது.

இதனால் பெறப்படுவன இரண்டு. ஆயிரக்கணக்கில் அச்சிட்டு அடுக்கி வைப்பதினும் வேண்டிய அளவு அச்சிட்டுப் புதுப்பித்துக்கொள்வதே நன்று. மற்றொன்று, அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒருபோதும் விடலாகாது. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அவ்வாறிலக்க முறையில் 609001 என்பது மயிலாடுதுறையைக் குறிக்கும். ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதினாலும் மடல் வழிதவறாமல் இருக்க இவ்வெண் துணைசெய்யும்.

எழுத்தும் தாளும்

தமிழெழுத்துக்கென ஓர் இயல்பு உண்டு. இகர ஈகாரக் குறிகள் மேலெழும். பல எழுத்துகளில் உகர ஊகாரக் குறிகள் கீழிறங்கும். ஆங்கில வரிகளுக்கு விடும் இடைவெளியையே தமிழுக்கும் விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். தமிழ்ச்சொற்கள் நீளமானவை, அவற்றை அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்குவதைவிடச் சொல்லைக் குறைப்பதே முறை. இருமொழியும் வேண்டுவோர் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அமைக்கலாம். கடல்கடந்து செல்லும் அட்டையில் தொலைபேசி எண்ணுக்கு முன் நாட்டின் குறியீடான 91 இடம்பெற வேண்டும். முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகின்றனர். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அட்டையிலும் பின்பற்றினால் குழப்பம் நேராது.

வெளிர்நிறத் தாளில் கருமையான எழுத்தே முதியோர் கண்ணுக்கு இதமானது. பளபளக்கும் மேற்பூச்சில் பேனா மை எளிதில் பிடிப்பதில்லை. வாங்குபவர் விலையையோ வரவேண்டிய நாளையோ பின்புறத்தில் குறித்துக்கொள்ள வேண்டுமாயின் பூச்சில்லாத தடித்த தாளே ஏற்றது. வெட்டும்போது எழுத்து சிதையாதிருக்க நான்கு ஓரங்களிலும் சிறிது இடம் விடவேண்டும். 1994இல் சப்பானில் உருவான கியூ.ஆர். குறியை இன்று பலரும் அட்டையில் சேர்க்கின்றனர். அது பயனுடையதே, ஆயினும் அது எண்ணுக்குத் துணையாக நிற்கவேண்டுமேயன்றி எண்ணின் இடத்தைப் பிடித்தலாகாது. கைப்பேசியில் குறியைப் படிக்கத் தெரியாத விவசாயியும் நம் வாடிக்கையாளரே.

தவிர்க்க வேண்டியவை

அன்பின் மிகுதியால் திருமறை வசனங்களை அட்டையில் அச்சிடுவோர் உளர். அட்டை சட்டைப்பையில் கசங்கும், குப்பையில் சேரும், காலடியிலும் விழும். இறைவசனத்தின் கண்ணியம் கருதி அதனைத் தவிர்ப்பதே சிறப்பு. தொழிலோடு தொடர்பில்லாத பட்டங்களையும் பொறுப்புகளையும் நிரப்புவதால் பெயர் மறைந்துபோகும். இல்லாத கிளைகளைக் காட்டுவதும், 'முதன்மையான நிறுவனம்' என்று தாமே கூறிக்கொள்வதும் இவற்றினும் பெருங்குறை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வலியுறுத்துவது நம் மார்க்கம். மரக்காலும் தராசும் மட்டுமன்றி, வணிகர் தம்மைப் பற்றிச் சொல்லும் சொல்லும் ஓர் அளவையே. நெல்லில் ஈரத்தை மறைப்பதற்கும் அட்டையில் உண்மையை மறைப்பதற்கும் வேறுபாடு இல்லை.

ஒரு தேர்வு

அச்சுக்குக் கொடுக்குமுன் மாணவர்கள் எளிய தேர்வொன்றைச் செய்து பார்க்கலாம். அட்டையில் உள்ளதைத் தொலைபேசி வழியே நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டி, அவரை எழுதச் சொல்லுக. அவர் பிழையின்றி எழுதி, அவ்வெண்ணுக்கே நம்மைத் திரும்ப அழைத்துவிட்டால் அட்டை செம்மையாக அமைந்துள்ளது எனலாம். அவர் எங்கெங்கே தயங்கினாரோ அங்கெல்லாம் திருத்தம் தேவை. அதன்பின் ஒவ்வொரு வரியையும் நோக்கி, 'இது மெய்யா? இதற்கு நாம் பொறுப்பேற்போமா?' என்று வினவுக. இரண்டிற்கும் ஆம் என்று விடைவரும் வரிகள் மட்டுமே அட்டையில் நிற்கத் தக்கவை.