காபிக்கு எந்த நிழல்?

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டம் வாங்குகிறவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, "சில்வர் ஓக் போடுங்க" என்பதுதான். தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நெட்டுக்குத்தாக வளரும், மிளகுக் கொடியைத் தாங்கும், இருபது இருபத்தைந்து ஆண்டில் வெட்டு விலைக்கும் போகும். நிழல் என்று பார்த்தால் மட்டும் ஓட்டைக் குடை.

வைத்திருப்பது ரொபஸ்டா என்றால் இதையே ஓரளவு சமாளிக்கலாம். அராபிகாவுக்கு வெயில் பட்ட தண்டே ஆபத்து. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் விழும் தண்டாகத் தேடி, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போன வழி தண்டின் மேல் புடைப்பாகத் தெரியும், இலை மஞ்சளாகும். அப்புறம் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். அதனால் எந்த மரத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, மார்ச், ஏப்ரல் உச்சி வெயிலில் இதில் இலை இருக்குமா என்று.

இந்தக் கேள்வியில் கல்யாண முருங்கையே தடுமாறும். மற்றபடி அருமையான மரம். மழை தொடங்கியதும் ஆறடிப் போத்தை ஊன்றினால் வேர் பிடித்துவிடும். சீக்கிரம் நிழல் தரும். மண்ணில் தழைச்சத்து சேர்க்கும். கவாத்து செய்து போட்ட தழை சில வாரங்களில் மக்கிவிடும். சில்வர் ஓக் சருகோ சரசரவென்று வெகுநாள் கிடக்கும். ஆனால் கல்யாண முருங்கை பூக்கும் கோடையில் இலையை உதிர்த்துவிடுகிறது. இலையில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வரவைக்கும் குளவிப் பூச்சியும் இப்போது சேர்ந்திருக்கிறது. கன்றுகள் சிறிதாக இருக்கும் ஆண்டுகளுக்கு இதைக் கீழ்த்தட்டு நிழலாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்ப முடியாது.

மேல்தட்டுக்கு அத்தி, நாவல், பலா. கோடையிலும் பச்சை இருக்கும். அத்திக்கு மரவிலை கிடையாது என்பதால் பலர் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் பழத்துக்குப் பறவை வரும், மலை அணில் வரும்; சருகும் ஏராளம். சந்தன வேம்பு பலகைக்கு நல்லது. அது பனிக்காலத்தில் மொட்டையாக நிற்கும், ஆகவே பக்கத்தில் பசுமை மாறாத மரம் ஒன்று வேண்டும். இப்படி ஒன்றின் குறையை இன்னொன்று மூடத்தான் பல வகை மரம் கேட்கிறேன். ஒரே வகையை நம்பினால் என்னாகும் என்பதை முடிக்கொத்து நோய் வந்தபோது இந்த மலையின் வாழைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

நிழல் கூடினாலும் வம்புதான். பூ குறையும், காய்த்துளைப்பான் பெருகும், விடாத மழையில் இலை அழுகும். மழைக்கு முன்பே மேல்கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

பழத்தில் காசு பார்க்க நினைப்பவர்கள் பட்டர் ஃபுரூட்டை ஓரத்தில் வைக்கலாம். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் பலாவை வீட்டுக்கும் லைன் வீடுகளுக்கும் தள்ளியே வையுங்கள். பழ வாசனைக்கு யானை நேராக வரும். நிலம் வாங்கும்போதே நிற்கும் பெரிய மரங்களில் கை வைக்குமுன் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தை விசாரியுங்கள். மரம் உங்களுடையதாக இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.