தோட்டாவை நாமே அடைக்கலாமா?

கேள்வி: ஐயா, கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்தபடி, ரைபிள் சுடுகிறேன். பிடி, மூச்சு, டிரிகர் எல்லாம் சரி என்கிறார் கோச். ஆனாலும் நல்ல பத்துகளுக்கு நடுவே திடீரென்று ஒரு ஒன்பது, பெரும்பாலும் கீழே விழுகிறது. அமெரிக்காவில் வெடிமருந்தை நிறுத்துத் தாங்களே தோட்டா அடைக்கிறார்களாமே, நானும் செய்து பார்க்கலாமா?

பதில்: முடியாது. உங்கள் .22 தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிரைமர் என்று தனியாக ஒன்று இருக்காது. தீப்பற்றும் கலவை விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் கூட்டின் ஆயுள் முடிந்தது. அவர்கள் திரும்ப அடைப்பது, நடுவில் பிரைமர் செருகிய பெரிய ரகக் கூடுகளை. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். நம் நாட்டில் அதற்கும் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. ஒன்பது கீழே விழுகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. உங்கள் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 நொடி. அதற்குள் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வுக்கு உங்கள் சைட் ஈடு கொடுக்கிறது. ஒரு குண்டு மட்டும் நொடிக்கு 10 மீட்டர் வேகம் குறைந்து வந்தால் இன்னும் 7, 8 மில்லிமீட்டர் கீழே போகும். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 8 மில்லிமீட்டர்தான். நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே பத்து ஒன்பதாகிவிடலாம்.

மருந்தை நிறுக்க முடியாத நமக்கு மிஞ்சியது லாட்டை, அதாவது ஆலையில் ஒரே தொகுப்பாகச் செய்து ஒரே எண் போட்ட தோட்டாக்களை, தேர்ந்தெடுப்பதுதான். ஒரே பிராண்ட், ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் குணம் மாறும். நண்பனின் ரைபிளில் பூப்போல விழும் லாட் உங்கள் பேரலில் சிதறும். பர்மிங்காமில் ஈலி, ஷோனபெக்கில் லாப்புவா தோட்டா ஆலைகளுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய், பிடிப்பானில் இறுக்கிப் பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு.

நீங்கள் சங்கத்தில் கிடைக்கும் மூன்று நான்கு லாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் மூட்டையில் ரைபிளை வைத்து, காற்றில்லாத காலையில் சுடுங்கள். லாட் மாற்றியதும் முதல் பத்திருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மெழுகு பேரலில் படிய வேண்டும். பிறகு பத்துப் பத்தாக, ஒவ்வொரு லாட்டுக்கும் குறைந்தது நான்கு இலக்குகள். மூன்றே குண்டு சுட்டு, ஒரே ஓட்டையில் விழுந்தது என்று போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள். மூன்று குண்டு யாருக்கும் சேர்ந்து விழும். சிதறல் ஒரு லாட்டில் 13, இன்னொன்றில் 14 மில்லிமீட்டர் என்றால் இரண்டும் ஒன்றுதான். சராசரியைவிட, தனியே கீழே ஓடும் குண்டு எதில் அதிகம் என்று பாருங்கள். தோட்டாவை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தோட்டா இல்லாமல் ட்ரை ஃபயர் பயிற்சி செய்யலாம் என்பேன்.

பொருந்தும் லாட் கிடைத்தால் இருப்பில் அது எத்தனை டப்பா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அதைப் போட்டிக்கு ஒதுக்கிவிட்டுப் பயிற்சிக்கு மற்றதைச் சுடுங்கள். தீர்ந்தால் அந்த லாட் எண் திரும்ப வராது.