கூம்பா, தடமா? – ஆட்டோகிராஸ், டிராக் டே: செலவும் பயனும்

செப்பாங் என்றதும் நம்மில் பலருக்கு ஃபார்முலா ஒன் பந்தயம்தான் நினைவுக்கு வரும். 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் அப்பந்தயம் அங்கு நடைபெற்றது. 2005இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அங்கே பதினோராவது இடத்தில் முடித்ததை என் மாமா இன்றும் தாமே ஓட்டியதைப் போலச் சொல்வார். அதே 5.543 கிலோமீட்டர் தடத்தில், கட்டணம் செலுத்தினால் சாதாரண ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஒருவரும் தம் சொந்த மகிழுந்தை ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதைத்தான் டிராக் டே என்கிறார்கள். இதற்கு எளிய தம்பி ஒன்று உண்டு. அதன் பெயர் ஆட்டோகிராஸ். கையில் கொஞ்சம் பணமும் வேகத்தின் மீது நிறைய ஆசையும் உள்ள ஒரு மாணவர் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். டிராக் டேயைத் ‘தடநாள்’ என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன். தடைநாள் என்று காதில் விழுவதாக அறைத்தோழர் சிரித்தார். ஆகவே வழக்கில் உள்ள சொல்லையே ஆள்கிறேன். டிராக் டே என்பது போட்டி அன்று. பரிசும் கிடையாது, முதலிடமும் கிடையாது. ஓட்டுநர்களைத் திறமைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் இருபது அல்லது முப்பது நிமிடம் தடத்தில் விடுவார்கள். ஆட்டோகிராஸ் இதற்கு நேர்மாறானது. பெரிய வாகன நிறுத்துமிடம் போன்ற ஒரு திடலில் நெகிழிக் கூம்புகளை அடுக்கி வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு மகிழுந்து மட்டுமே ஓடும். எதிராளி கடிகாரம்தான். நம் நாட்டில் ஜிம்கானா என்ற பெயரில் நடப்பதும் ஏறக்குறைய இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பு ‘சோலோ’ என்ற பெயரில் இதனை நடத்துகிறது. அங்கே ஒரு கூம்பை இடித்தால் ஓட்ட நேரத்தோடு 2 விநாடிகளைக் கூட்டிவிடுவார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஆட்டோகிராஸில் ஓர் ஓட்டம் சுமார் 50 விநாடி என்றும் ஒரு நாளில் ஐந்து ஓட்டம் என்றும் வைத்துக் கொண்டால் நாம் உண்மையில் ஓட்டுவது நான்கு நிமிடத்திற்குச் சற்று அதிகம், அவ்வளவே. மீதி நேரமெல்லாம் வெயிலில் நின்று, விழுந்த கூம்புகளை எடுத்து நிறுத்துவதில் கழியும். டிராக் டேயிலோ இருபது நிமிடம் வீதம் நான்கு சுற்று கிடைத்தால் எண்பது நிமிடம் ஓட்டலாம். ஆகவே டிராக் டேயின் கட்டணம் ஐந்து மடங்காக இருந்தாலும் நிமிடக் கணக்கில் அதுவே நான்கு மடங்கு மலிவு. டிராக் டேயை ஆதரிப்போர் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இதுதான். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் கட்டணம் மட்டுமா செலவு? ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் முன்னோர் சொன்னது டிராக் டேக்கு அப்படியே பொருந்தும்.

அந்தச் சுமைகூலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, படிவம் 4 இயற்பியல் பாடத்தில் நாம் படித்த இயக்க ஆற்றலை நினைவுகூர வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ எடையுள்ள ஒரு மைவியை எடுத்துக் கொள்வோம். ஆட்டோகிராஸ் திடலில் அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 146 கிலோஜூல். செப்பாங்கின் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் அது 160ஐத் தொட்டால் ஆற்றல் 1,037 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. அங்கிருந்து வளைவுக்காக 70க்குக் குறைக்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம், ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதனை ஒரு சில விநாடிகளில் செய்து முடிக்க வேண்டும். செப்பாங்கில் நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு. இரண்டின் முடிவிலும் கூர்மையான திருப்பம் காத்திருக்கிறது. இடையில் வரும் வேறு சில வளைவுகளிலும் பிரேக்குக்கு நல்ல வேலை இருக்கிறது. சாதாரண மகிழுந்து அந்தத் தடத்தை ஒரு முறை சுற்றிவர மூன்று நிமிடத்தை ஒட்டி எடுக்கும். இருபது நிமிடத்தில் ஆறு ஏழு சுற்று. பிரேக் ஆறுவதற்கு நேரமே இல்லை.

பிரேக் எண்ணெய்க்கும் கொதிநிலை உண்டு. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. டாட் 4 வகைக்கு 230. ஆனால் இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய பின் அதே விதி கேட்கும் அளவு டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 மட்டுமே. நம் நாட்டின் ஈரக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்தால் மிதி மட்டும் பஞ்சுபோல உள்ளே போகும், வேகமோ குறையாது. மூன்றாண்டுகளாக எண்ணெய் மாற்றாமல் பல்கலைக்கழகத்துக்கும் பசார் மாலாமுக்கும் ஓடிக் கொண்டிருந்த மகிழுந்து அன்றாடம் எந்தக் குறையும் காட்டாது. முதல் குறையைத் தடத்தின் நேர்ப்பாதை முடிவில்தான் காட்டும்.

ஆகவே டிராக் டேக்குச் செல்பவர் புதிய பிரேக் எண்ணெய், வெப்பம் தாங்கும் பிரேக் பட்டைகள், நல்ல டயர்கள், தலைக்கவசம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் செலவு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்காகும். பினாங்கிலோ ஜொகூரிலோ படிப்பவருக்கு நெடுஞ்சாலைக் கட்டணமும் ஓரிரவுத் தங்கலும் தனி. ஆட்டோகிராஸுக்குத் தலைக்கவசத்தை இரவல் வாங்கலாம். டயரின் தோள்பட்டை கொஞ்சம் தேயும். பிரேக் தேய்வது மிகக் குறைவு.

இவையெல்லாம் கூட்டிப் பார்த்துவிடக்கூடிய செலவுகள். இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுவே முதன்மையானதாகப் படுகிறது. நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் மகிழுந்து நம்முடையதன்று. அப்பாவின் பெயரில், ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கியது. அம்மாவை வேலைக்கும் தங்கையைப் பள்ளிக்கும் கொண்டு செல்வதும் அதுவே. நம் நாட்டு மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்கு இழப்பீடு இல்லை என்ற வாசகம் அதில் இருக்கும். ‘டிராக் டே பந்தயம் ஆகாதே’ என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தில் வெல்ல முடியும் என்று நம்பி வீட்டு வாகனத்தைப் பணயம் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மகிழுந்து தடுப்பில் மோதி உருக்குலைந்தாலும் எஞ்சிய தவணை நிற்காது. மூன்று ஆண்டுகள் கட்டியிருந்தால் இன்னும் ஆறு ஆண்டுகள், ஓடாத வண்டிக்கு அப்பா மாதந்தோறும் பணம் கட்டிக் கொண்டிருப்பார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் சேதமான தடுப்பு வேலிக்கும் ஓட்டியவரிடமே பணம் வசூலிக்கிறார்கள். ஆட்டோகிராஸிலும் காப்புறுதி இதே வாசகத்தைக் காட்டி மறுக்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலான தவறுகளுக்கு நாம் கொடுக்கும் விலை ஒரு கூம்பும் இரண்டு விநாடியும்தான். (திடலின் ஓரத்தில் விளக்குக் கம்பமோ உயரமான கல்வரம்போ இருக்கிறதா என்று முதலில் நடந்து பார்த்துக் கொள்வது நல்லது. எப்படியும் ஓட்டத்திற்கு முன் பாதையை நடந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.)

பயனைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒரே பாடத்தைக் கற்பிப்பதில்லை. டயரின் பிடி எங்கே முடிகிறது, எடை எப்படி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்கிறது, அடுத்த கூம்பைப் பார்க்காமல் அதற்கடுத்ததைப் பார்ப்பது எப்படி என்பனவற்றை ஆட்டோகிராஸ் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே காட்டிவிடும். ஓட்டம் முடிந்த அடுத்த நொடியே கடிகாரம் மதிப்பெண் போட்டுவிடுகிறது. கூம்பு எடுக்க நிற்கும் நேரத்தைத் தண்டனை என்று பலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அது இலவசப் பாடமாகத் தெரிகிறது. ஒரே வளைவில் முப்பது பேர் முப்பது விதமாகத் திரும்புவதை வேறெங்கும் காண இயலாது. டிராக் டே தருவது வேறு. உயர்வேகத்தில் வண்டியின் நிலைப்பு, சரியான இடத்தில் பிரேக் மிதிப்பது, இருபது நிமிடம் கவனம் சிதறாமல் இருப்பது, கொடிகளை மதிப்பது, பின்னால் வருபவருக்கு வழிவிடுவது. இவற்றைக் கூம்புத் திடலில் கற்க முடியாது. பயிற்றுநர் அருகில் அமர்ந்து சொல்லித் தருவாரானால் டிராக் டேக்குக் கொடுத்த பணம் வீண்போகாது.

இரண்டுமே வேண்டாம், நள்ளிரவுச் சாலை இலவசமாகத்தானே கிடக்கிறது என்பாரும் உண்டு. எங்கள் தாமானில் அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கு மட்டும் பார்த்தாலும், அங்கே மோதும் பொருள் கூம்பன்று. வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவராக அது இருக்கலாம்.

எனவே முதல் ஓராண்டுக்கு ஆட்டோகிராஸே போதும் என்பது என் கருத்து. நான்கு நிமிடத்திற்காக நாள் முழுவதும் காய்வதா என்று அலுத்துக் கொள்பவரும் மூன்று நான்கு முறை சென்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். நேரம் தொடர்ந்து குறைந்து, கூம்பு விழுவதும் நின்ற பிறகு, சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, விலை குறைந்த ஒரு பழைய வண்டியைச் சொந்தப் பணத்தில் வாங்கிச் செப்பாங்கில் இறக்கலாம். அப்படிப் போகிறவர்கள் முதல் நாளே பட்டறையில் பிரேக் எண்ணெயை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு குழு நேரத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, வட்டுகளை ஆறவிடுங்கள். வண்டியை நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். சூடான பட்டை அப்படியே ஒட்டிக் கொள்ளக்கூடும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.