தீவு மீனவர் தரும் பாடம்

கடல் காணாத தியாகதுருகத்து நெசவாளரும் உழவரும் தீவு மீனவரிடம் கற்க வேண்டியது யாது?

இலங்கையின் வடபால், பாக்கு நீரிணையில் உள்ளது நெடுந்தீவு. அதற்குப் பாலம் இல்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். மீனோ விரைவில் கெடும் பொருள். ஆதலின் தனி மீனவர் விலை பேசும் வலிமை குன்றும்.

வட இலங்கைச் சிறு மீனவர், ஊர்ச் சங்கங்களையும் அவற்றை இணைக்கும் சமாசங்களையும் அமைத்துள்ளனர். தம் வலைகளை அறுத்துக் கடலடியை வாரும் இழுவைமடிப் படகுகளை எதிர்த்து, அவற்றின் வாயிலாக வாதாடினர். அப்படகுகளுள் பல தமிழகக் கரையிலிருந்து சென்றவை என்பதை நாம் மறைத்தல் தகாது. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. அத்துமீறல் ஓயாமையால் முறையீடும் தொடர்ந்தது.

சங்கம் கடன் பெறுவதற்கு மட்டுமன்று. எளியோர் கூடிப் பேசுவதற்கும் உரியது. பொதுக்குழுவுக்குத் தவறாது வருக.