பதினொரு பேரும் இரண்டரை விநாடியும்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். 49 மீட்டர் அகலமுள்ள ஒரு மைதானம். எதிரணியைச் சேர்ந்த ஒருவர் பந்தை 40 மீட்டர் தொலைவுக்கு எறியப் போகிறார். இடப்பக்கம் எறிவாரா, வலப்பக்கம் எறிவாரா என்பது பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும்வரை உங்களுக்குத் தெரியாது. பந்து கீழே இறங்குவதற்குள் உங்கள் அணியினர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த 49 மீட்டரைக் காக்க எத்தனை பேர் வேண்டும்? ஒருவர் போதுமா? இருவரா? மூவரா?

விடையை நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதைக் கணக்கிட உங்கள் வகுப்பில் படித்த வேகம், தொலைவு, காலம் ஆகிய மூன்றே போதும். அமெரிக்கக் கால்பந்தில் காக்கும் அணியின் பயிற்சியாளர் ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

பெயரில் கால்பந்து என்று இருந்தாலும், இது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுகிறார்கள். அல்லது எறிந்து பிடிக்கிறார்கள். மைதானத்தின் நீளம் 100 கஜம், அதாவது 91.44 மீட்டர். அகலம் 160 அடி, அதாவது ஏறத்தாழ 48.8 மீட்டர். அணிக்கு 11 பேர்.

தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால், மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்பின்போதும் இரு அணியினரும் பந்துக்கு இருபுறமும் எதிரெதிரே வரிசையாக நின்று தொடங்குவார்கள்.

1906ஆம் ஆண்டுக்கு முன் பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் தரவில்லை. ஆகவே, காக்கும் அணி நெருக்கமாக நின்று ஒரு சுவர் எழுப்பினால் போதும். அந்த ஆண்டில் விதி மாறியது. பந்து சுவருக்கு மேலாகப் பறந்து போகலாம் என்றானதும், சுவருக்குப் பின்னால் உள்ள பரந்த வெளியையும் காக்க வேண்டியதாயிற்று. ஆட்களோ அதே 11 பேர்தாம்.

கூட்டலும் கழித்தலும்

தாக்கும் அணியின் 11 பேரைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமான வரிசையில் ஐவர் முன்னே நின்று எதிரிகளை மறிப்பவர்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு உரிமை இல்லை. ஒருவர் பந்தை எறிபவர். இவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். மீதி ஐவர் ஓடிப் பந்தைப் பிடிக்கலாம்.

காக்கும் அணிக்கு இரண்டு வேலைகள். சிலர் எறிபவரை நோக்கிப் பாய்ந்து நெருக்க வேண்டும். மற்றவர்கள் பின்னே நின்று, பந்து பிடிக்க ஓடுபவர்களையோ வெற்றிடங்களையோ காக்க வேண்டும்.

நால்வர் பாய்ந்தால், காக்க எழுவர் இருப்பார்கள். பிடிக்க ஓடும் ஐவருக்கும் ஆளுக்கு ஒருவர் காவல் போட்டபின், இருவர் மிச்சம். யாராவது தவறவிட்டால் அந்த இருவர் துணை வருவார்கள். ஐவர் பாய்ந்தால் ஒருவரே மிச்சம். அறுவர் பாய்ந்தால் மிச்சம் பூஜ்யம். அப்போது ஒரு காவலர் கால் தடுக்கி விழுந்தால்கூட, பந்தைப் பிடித்தவருக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஒருவரும் இரார்.

வழக்கத்தைவிட அதிகம் பேரைப் பாயவிடுவதற்குப் ‘பிளிட்ஸ்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்கு மின்னல் என்பது பொருள். கவர்-1, கவர்-2, கவர்-3 என்று அவர்கள் சொல்லும் திட்டங்களில் உள்ள எண், பொதுவாகத் தொலைவான பகுதியைக் காக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். பின்னால் ஒருவரும் இல்லாத நிலைக்குக் கவர்-0 என்று பெயர்.

இடத்தின் கணக்கு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கணக்கு எளிதாக அமையச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பந்தின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர். காவலர் ஓடும் வேகம் விநாடிக்கு 7 மீட்டர். பந்து போகும் திசையைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் அசைவதற்கு 0.25 விநாடி.

40 மீட்டர் தொலைவைக் கடக்கப் பந்துக்கு 2 விநாடி ஆகும். அதில் 0.25 விநாடி போக, காவலர் ஓடுவதற்குக் கிடைப்பது 1.75 விநாடி. அதற்குள் அவர் 12.25 மீட்டர் ஓடலாம். இடப்பக்கம் 12.25, வலப்பக்கம் 12.25, ஆக, ஒருவர் 24.5 மீட்டர் அகலத்தைக் காக்கிறார். இருவர் 49 மீட்டர்! மைதானத்தின் அகலமோ 48.8 மீட்டர். இருவர் போதும், ஆனால் இழுபறிதான். மூவர் இருந்தால் கவலையில்லை.

அடுத்து, 15 மீட்டருக்கு எறியப்படும் குறுகிய எறிதலைப் பாருங்கள். பந்து 0.75 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். காவலருக்குக் கிடைப்பது 0.5 விநாடி, ஓடக்கூடியது 3.5 மீட்டர். இருபுறமும் சேர்த்து ஒருவர் காப்பது 7 மீட்டர் மட்டுமே. முழு அகலத்தையும் காக்க எழுவர் வேண்டும்.

இதனின்று என்ன தெரிகிறது? தொலைவில் ஆட்கள் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஏனெனில் பந்தே அவர்களுக்கு நேரம் கொடுக்கிறது. அருகில்தான் ஆட்கள் அதிகம் வேண்டும்.

இனிக் கூட்டிப் பாருங்கள். தொலைவுக்கு இருவர், அருகுக்கு எழுவர்; மொத்தம் ஒன்பது பேர். எறிபவரை நெருக்க மிஞ்சுவது இருவர். அந்த இருவரை ஐவர் மறிப்பார்கள். எறிபவர் அவசரமே இல்லாமல் நின்று, நல்ல இடைவெளி பார்த்து எறிவார். இடத்தை முழுவதும் அடைக்கப் போனால் காலத்தை இழந்துவிடுகிறோம்.

காலத்தின் கணக்கு

தொழில்முறை ஆட்டங்களில் பந்து, ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 2.5 முதல் 3 விநாடிக்குள் எறிபவரின் கையை விட்டுக் கிளம்பிவிடும். பிடிக்க ஓடுபவரின் சராசரி வேகம் விநாடிக்கு 6 மீட்டர் என்று கொள்வோம். 2.5 விநாடியில் அவர் 15 மீட்டர் ஓடியிருப்பார். எறிபவரை நெருக்கி, 1.5 விநாடியிலேயே எறிய வைத்துவிட்டால்? 9 மீட்டர்தான். ஒரே ஒரு விநாடியைப் பறித்ததால், 6 மீட்டர் நிலத்தைக் காக்கவேண்டிய வேலையே இல்லாமல் போகிறது. பிளிட்ஸ் முறையில் ஓர் ஆளைக் கொடுத்து வாங்குவது இந்த ஒரு விநாடியைத்தான்.

உண்மை ஆட்டத்தில் இருபுறமும் ஓடிக்கொண்டே இருப்பார்கள்; பந்து வளைந்து பறக்கும். ஆகவே நம் எண்கள் தோராயமானவை. ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது.

இரண்டு கோடிகள்

1950ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி, எறிந்து ஆடுவதில் வல்ல கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியைச் சந்தித்தது. ஜயண்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன், முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நின்றவர்களைப் பின்னுக்கு இழுத்து, எறிதலைக் காக்கச் செய்தார். விரித்த குடைபோல் காவல் அமைந்ததால் அதற்குக் ‘குடை’ என்றே பெயர் வந்தது. ஜயண்ட்ஸ் 6–0 என்று வென்றது. இது காலத்தைக் கொடுத்து இடத்தை வாங்கிய முறை.

இதற்கு நேர்மாறானது 1985ஆம் ஆண்டின் சிகாகோ பேர்ஸ் அணி. பட்டி ரயன் வகுத்த ‘46’ என்ற திட்டத்தில் எட்டுப் பேர்வரை பந்துக்கு அருகிலேயே குவிந்து நிற்பார்கள். யார் பாய்வார் என்று எதிரிக்குத் தெரியாது. (46 என்பது ஆட்களின் வரிசை எண் அன்று, டக் பிளாங்க் என்ற ஆட்டக்காரரின் சட்டை எண்!) 1986 ஜனவரி 26இல் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர்கள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 46–10 என்று வென்றார்கள்.

ஆனால் அந்தப் பருவத்தில் அவர்களும் ஓர் ஆட்டத்தில் தோற்றார்கள். மயாமி டால்ஃபின்ஸ் அணியிடம், 38–24. மயாமியின் எறிபவர் டான் மரீனோ, பந்தை மிக விரைவாகக் கைவிடுவதில் பேர்பெற்றவர். பறிக்க நினைத்த விநாடியை அவர் செலவழிக்கவே இல்லை என்றால், அதைப் பறிப்பது எப்படி?

எண்ணை மாற்றாமல் ஏமாற்றுதல்

11 பேரை 12 ஆக்க முடியாது. ஆனால் எந்த நால்வர் பாய்வார்கள் என்பதை மறைக்கலாம் அல்லவா? 1980களில் சின்சினாட்டி அணியில் பயிற்சியாளராக இருந்த டிக் லெபோ இந்த முறையை வளர்த்தார். பாய்வார் என்று எறிபவர் எதிர்பார்க்கும் முன்வரிசைக்காரர் சட்டென்று பின்வாங்கிக் காவல் நிற்பார். வேறொருவர் எதிர்பாராத இடத்திலிருந்து பாய்வார். காக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறையவில்லை. எறிபவரின் கணிப்புதான் தவறிப்போகிறது.

2009 பிப்ரவரி 1இல் நடந்த இறுதி ஆட்டத்தில் லெபோ, பிட்ஸ்பர்க் அணியின் தற்காப்புப் பயிற்சியாளர். முதல் பாதி முடிய 18 விநாடி. பிட்ஸ்பர்க் 10, அரிசோனா 7. அரிசோனா எல்லைக்கோட்டுக்கு ஒரே கஜத்தில் நின்றது. பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வதுபோல் காட்டிப் பின்வாங்கினார். அங்கே ஒருவர் இருப்பார் என்று எண்ணாத கர்ட் வார்னர் பந்தை எறிந்தார். அது நேரே ஹாரிசன் கைக்குப் போயிற்று. அவர் மைதானத்தின் முழு நீளம், 100 கஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். 17–7. ஆட்டத்தின் முடிவில் பிட்ஸ்பர்க் 27–23 என்று வென்றது. வித்தியாசம் நான்கே புள்ளிகள்!

எல்லாவற்றையும் காக்கும் திட்டம் என்று ஒன்று இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்பே கணக்கிட்டு, அதை எதிரி கண்டுபிடிக்கும் முன் ஆட்டத்தை முடித்துவிடுவதே தற்காப்பு. ஆளும் நேரமும் குறைவாக உள்ள எந்த வேலைக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. பள்ளி மைதானத்தில் 15 மீட்டர் தொலைவில் நண்பரை நிறுத்தி, அவர் இடமோ வலமோ எறியும் டென்னிஸ் பந்தைத் தடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் எத்தனை மீட்டர்வரை உங்களால் போக முடிகிறது? அளந்து, நம் 3.5 மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

2. பந்து 1.5 விநாடி மட்டுமே காற்றில் இருந்தால், 48.8 மீட்டர் அகலத்தைக் காக்க எத்தனை பேர் வேண்டும்?

(விடை: 1.25 × 7 = 8.75 மீட்டர், இருபுறமும் 17.5 மீட்டர். ஆகவே மூவர்.)