பம்பு ஓடுகிறதா?

கேள்வி: அண்ணா, நான் ஆண்டர்சன்பேட்டை. தினமும் ரயில் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று வருடமாக என்பிஏ-வில் வாஷிங்டன் விசார்ட்ஸ் ரசிகன். 2023-24 பருவத்தில் 82 ஆட்டத்தில் 15 வெற்றி, அடுத்த பருவத்தில் 18. கேட்டால் ‘ரீபில்டு நடக்கிறது, பொறுங்கள்’ என்கிறார்கள். ஆர்சிபி கப் அடித்ததிலிருந்து நண்பர்கள் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறார்கள். வேறு அணிக்கு மாறிவிடலாமா?

மாற வேண்டாம் தம்பி. அதற்காக ‘பொறுங்கள்’ என்று சொல்கிறவர்களை அப்படியே நம்பவும் வேண்டாம். கோல்டு ஃபீல்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

என் அப்பா சாம்பியன் ரீஃப்பில் பம்பு பார்த்தவர். ஊரில் பேரெல்லாம் கல் உடைக்கிறவருக்கும் வெடி வைக்கிறவருக்கும்தான். பம்பு பார்க்கிறவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. இரவும் பகலும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால்தான் மறுநாள் ஷிப்டு இறங்க முடியும். 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடினார்கள். அதன் பிறகு தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து ‘திறக்கப் போகிறோம்’ என்பார்கள். தெருவே கூடி நின்று கேட்கும். அப்பா மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். “பம்பு ஓடுதான்னு கேட்டுட்டு வா” என்பார். ஓடவில்லை. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. திறக்க நினைக்கிறவன் முதலில் தண்ணீரை இறைப்பான், பேச்செல்லாம் அப்புறம்தான் என்பது அவர் கணக்கு.

ரீபில்டு என்று சொல்கிற எந்த அணியையும் நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். கூடைப்பந்தில் பம்பு என்பது சின்னப் பையன்களுக்குக் கிடைக்கும் ஆட்ட நிமிடங்கள். உன் அணியையே எடுத்துக்கொள். 2024 டிராஃப்டில் இரண்டாவதாக அலெக்ஸ் சார், பதினான்காவதாக பப் காரிங்டன், இருபத்து நான்காவதாக கிஷான் ஜார்ஜ் என்று ஒரே இரவில் மூன்று பேரை எடுத்தார்கள். எடுத்து பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, களத்தில் இறக்கினார்கள். 19 வயதுப் பையன் காரிங்டன் முதல் பருவத்திலேயே 82 ஆட்டமும் ஆடினான். அதாவது உங்கள் வீட்டில் பம்பு ஓடுகிறது. தங்கம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

அடுத்தது, எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளைச் சேர்க்கிறார்களா, ஒரு வயதான நட்சத்திரத்துக்காக விற்றுத் தள்ளுகிறார்களா என்று பார். அப்புறம் பயிற்சியாளர். வருடா வருடம் ஆளை மாற்றினால், மேலே இருப்பவர்களுக்கே என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நான் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்காரன். பேரைக் கேட்டதும் பிடித்துப் போனது. பெமல் ஃபேக்டரி இருக்கிற ஊரில் பிஸ்டன் என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். அந்த அணியும் பேரளவில் பிஸ்டன் இல்லை. ஃபிரெட் ஸோல்னர் என்ற பிஸ்டன் ஃபேக்டரி முதலாளி ஃபோர்ட் வெய்னில் தொடங்கிய அணி, 1957-இல் டெட்ராய்டுக்கு வந்தது. ஃபேக்டரிகள் மூடி, ஆட்கள் கிளம்பிப்போய், 2013-இல் நகராட்சியே திவால் மனு போட்ட ஊர் அது. ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு வேறு எந்த அணியை நான் பிடிப்பது?

2023-24 பருவத்தில் அந்த அணி தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது. ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டம் தொடர்ந்து தோற்றவர்கள் என்பிஏ வரலாற்றிலேயே கிடையாது. 28-ஆவது தோல்வியை நான் வண்டியில்தான் பார்த்தேன். டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை விடிகாலை. பனிக்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஐந்தரை, நம் வண்டி நேரத்துக்கென்றே அமைத்தது போல. ஆட்டம் பாஸ்டனில். ஒரு கட்டத்தில் நாங்கள் 21 பாயின்ட் முன்னால். பங்காருபேட்டையில் ஏறிய பால்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு “வீட்ல விசேஷமா?” என்றார். மாலூர் தாண்டியதும் சிக்னல் போனது. திரும்ப வந்தபோது ஓவர்டைம், அப்புறம் 122-128. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்டோன்மென்ட் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். ஞாயிறு காலை டொரன்டோவை 129-127 என்று ஜெயித்தபோது வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சத்தம் போடக்கூட முடியவில்லை. மொத்தத்தில் அந்தப் பருவத்தில் 14 வெற்றி. ஆறு வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஒரே வருடத்தில் அனுப்பினார்கள். அடுத்த பருவத்தில் 44 வெற்றி. அதே கேட் கன்னிங்ஹாம், அதே ஜேலன் டியூரன். சுற்றிலும் பந்து எறியத் தெரிந்த நாலு பெரியவர்களையும் பிக்கர்ஸ்டாஃப் என்ற புதுப் பயிற்சியாளரையும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். பையன்கள் ஏற்கெனவே தேறியிருந்தார்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தவனுக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

ஸ்கோர் இல்லாமல் வேறு எதைப் பார்ப்பது? பத்து ஆட்டத்துக்கு ஒரே ஒருவரை மட்டும் பார். பந்து போகும் இடமெல்லாம் கண்ணை ஓடவிடாதே. சாரை எடுத்துக்கொள்: ஏழடி உயரம். எதிரணிக்காரன் ஸ்கிரீன் போட்டுப் பந்தோடு உள்ளே வரும்போது சாரின் காலைப் பார். பின்னால் நகர்கிறதா, நட்டு வைத்த கம்பம் போல நிற்கிறதா? கை நேராக மேலே போகிறதா, கீழே இறங்கி அடித்து ஃபவுல் வாங்குகிறதா? தாக்குதலில் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தே காலம் தள்ளுகிறானா, உள்ளே முட்டிப் போகிறானா? நவம்பரில் பார்த்ததை ஒரு டைரியில் இரண்டு வரி எழுதி வை. பிப்ரவரியில் எடுத்துப் படி. 30 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தில்கூட உனக்குப் பார்க்க ஏதாவது இருக்கும்.

எந்த நேரத்தைப் பார்க்கிறாய் என்பதும் முக்கியம். 25 பாயின்ட் பின்னால் இருக்கும்போது கடைசிக் காலாட்டத்தில் பையன்கள் அடிக்கும் பாயின்டை நம்பாதே, எதிரே நிற்பவர்கள் பெஞ்சு ஆட்கள். என் அனுபவத்தில் மூன்றாவது காலாட்டத்தின் முதல் ஆறு நிமிடம்தான் பொய் சொல்லாது. இடைவேளையில் பயிற்சியாளர் சொன்னது பையன்களின் மண்டையில் ஏறியதா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும். வண்டியில் நேரம் இல்லாத நாளில் நான் அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

82 ஆட்டத்தையும் பார்க்க நினைக்காதே. வேலைக்குப் போகிற உடம்பு தாங்காது. வாரத்துக்கு ஒரு முழு ஆட்டம், மற்றதெல்லாம் பத்து நிமிட ஹைலைட்ஸ் போதும். அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்புகிறவரை, அதாவது அக்டோபரில், ஆட்டம் நமக்கு நாலரைக்கே தொடங்கிவிடும். அந்த மாதம் பேசாமல் தூங்கு.

டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் லாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் நீ மனதை ஒப்படைக்கிற இடம் அது என்று உன் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. 14 பந்துகளைக் குலுக்கி நாலு எடுப்பார்கள். 1001 சேர்க்கை வரும், ஒன்றைத் தள்ளிவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 2019-இல் கொண்டுவந்த முறைப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீதம்தான் வாய்ப்பு. டெட்ராய்ட் 2023-லும் 2024-லும் லீக்கிலேயே கடைசி, இரண்டு முறையும் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. உன் விசார்ட்ஸ் 2025-இல் கடைசிக்கு முந்தைய இடம், கிடைத்தது ஆறாவது. 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதலிடத்தை அள்ளிக்கொண்டு கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. அன்றைக்குக் காலை நீ அலாரம் வைத்து எழுந்திருப்பாய். இனி வைக்காதே, விடிந்த பிறகு தெரிந்துகொண்டால் போதும். 2023-இல் அந்த ஐந்தாவது இடத்தில்தான் ஆசார் தாம்ப்சன் எங்களுக்கு வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

உன் அணிக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வியாபாரம் ஒன்றில் கைமாறிய முதல் சுற்று வாய்ப்பு நியூயார்க் நிக்ஸ் கையில் இருக்கிறது. 2026 டிராஃப்டில் அது முதல் எட்டுக்குள் விழுந்தால் வாஷிங்டனே வைத்துக்கொள்ளும், ஒன்பதாவதோ அதற்குப் பின்னாலோ போனால் நியூயார்க்குக்கு. ஆகவே 2025-26 பருவத்தில் நிறைய ஜெயிக்க வேண்டிய அவசரம் மேலிடத்துக்கு இல்லை. இந்த வருடமும் தோல்விதான் அதிகம் என்று இப்போதே மனதுக்குச் சொல்லி வை. பிப்ரவரியில் வந்து என்னிடம் அழாதே.

ஆனால் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற வேலை மட்டும் வேண்டாம். அது கெட்ட பழக்கம், ஒட்டிக்கொண்டால் போகாது. ஒரு பையன் நன்றாக ஆடினால் எரிச்சல் வர ஆரம்பிக்கும், அப்புறம் நீ ரசிகனே இல்லை. நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே உட்கார வைத்ததற்காக 2025 மார்ச்சில் யூட்டா அணிக்கு லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. தோல்வியையே திட்டமாக வைத்த ஃபிலடெல்ஃபியா 2015-16-இல் 10 ஆட்டம்தான் ஜெயித்தது. எம்பீடு போன்ற பெரிய ஆட்டக்காரர் கிடைத்தும் பிளேஆஃபில் இரண்டாவது சுற்றை இன்னும் தாண்டவில்லை. இன்னொரு பக்கம் ஓக்லஹோமா சிட்டி. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79, அதாவது 73 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றது, லீக் வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி. 2025 ஜூனில் அதே அணி சாம்பியன். இடையில் பயிற்சியாளரையும் மாற்றவில்லை, ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டரையும் விற்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவும் ஓக்லஹோமாவும் தோற்றார்கள்தான். ஆனால் நான் சொன்ன மூன்று கேள்விகளையும் போட்டுப் பார், பதில் வேறு வேறாக வரும்.

பண விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். லீக் பாஸ் சந்தாவை நாலு பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரி வைத்துக்கொள், தனியாகக் கட்டாதே. ஜெர்சி வாங்கினால் ஆட்டக்காரர் பேர் போட்டது வாங்காதே, ஒருவனோடு அணி இரண்டாவது ஒப்பந்தம் போடுகிறவரை பொறு. நான் அவசரப்பட்டு ஒரு பையன் பேரில் வாங்கினேன். துவைத்து இரண்டு முறை போடுவதற்குள் அணி அவனை விடுவித்துவிட்டது. இப்போது அது ஸ்கூட்டர் துடைக்கிறது. பந்தயம் பக்கமே போகாதே. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-இல் சட்டமே தடை போட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் 15 வெற்றி அணியின் ரசிகனுக்கு அது ஆகாது.

ஆர்சிபி நண்பர்களுக்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாதே. 18 வருடம் காத்திருந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆட உரிமை உண்டு. உனக்குள் மட்டும் ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொள். அவர்கள் ஒவ்வொரு வருடமும் கோப்பைக்கே ஆடி, கிடைக்காமல் காத்திருந்தார்கள். உன் அணி இன்னும் அஸ்திவாரம் தோண்டுகிறது. உன் கஷ்டம் அவர்களுக்குப் புரியாது, அவர்களுடையது உனக்கும் புரிந்திருக்காது.

நமக்கு அருகிலேயே ஒரு அணி இருந்தது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. 2015-இல் தொடங்கிய யுபிஏ லீக்கில் பெங்களூரு பீஸ்ட் என்று ஒரு அணி. 2017-க்குப் பிறகு அந்த லீக்கே நடக்கவில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை விட்டுவிடலாமா என்று நீ கேட்கிறாய். அந்த ரசிகர்களுக்கு விடுவதற்குக்கூட அணி இல்லாமல் போனது.

ஆக, 2027 வசந்தம் வரை விசார்ட்ஸுக்குத் தவணை கொடு. அதற்குள் சார், காரிங்டன், ஜார்ஜ், இவர்களோடு உங்கள் இன்னொரு பையன் கூலிபாலி ஆகிய நால்வரில் இரண்டு பேராவது நெருக்கடியான கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர்களாகத் தேறவில்லை என்றால் மறுபடி எழுது, பேசுவோம். தனியாக மட்டும் பார்க்காதே. எனக்கு இருந்த ஒரே துணை என் வீட்டுக்காரி. காலையில் டப்பா கட்டும்போது “தோத்தாச்சா?” என்பாள். “ஆமா” என்பேன். அப்பளம் ஒன்று கூடுதலாக வரும்.

நான் ஊர்காமில் ஏறுவேன், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ஜன்னல் ஓரம் ஒரு துண்டைப் போட்டு வை. இயர்போன் நீ கொண்டு வா, என்னுடையதில் இடது பக்கம் கேட்பதில்லை.